பிளேஆஃபில் உயர்ந்தவர் யார், சரிந்தவர் யார்? நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை நடக்கும், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் பிளேஆஃப் ஆட்டங்கள் நமக்குக் காலையில் வந்து சேர்கின்றன. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டரை மணி என்றால் புதுச்சேரியில் காலை ஆறு. பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலம் வேறு. உப்பளம் விளையாட்டரங்கப் பக்கம் டீக்கடையில் கூடும் பையன்கள் வெயில் ஏறுவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்: “பிளேஆஃப் வந்தால் இவர் வேறு ஆள்.” “அவர் பெரிய ஆட்டத்தில் காணாமல் போய்விடுவார்.”

இந்தத் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கழித்தலில் பிறந்தவை. ரெகுலர் சீசன் சராசரி ஒரு பக்கம், பிளேஆஃப் சராசரி மறுபக்கம். கூடினால் வீரன், குறைந்தால் கோழை. கழித்தலில் பிழை இல்லை. ஆனால் கழிக்கப்படும் இரண்டு எண்களும் ஒரே ஆளைப் பற்றியவையா, ஒரே வயதில் எடுக்கப்பட்டவையா, எத்தனை நிமிடத்துக்கு உரியவை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் வித்தியாசத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். மிஞ்சுவதைப் பற்றித்தான் பேச வேண்டும். கூடைப்பந்தைப் புதிதாகப் பின்தொடர்பவர்கள் அந்தக் கணக்கைப் போடும் வழி இது. ஒரு நோட்டு, கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர், வீரர்களின் ஆண்டுவாரிப் பதிவுகள் ஆகிய மூன்றும் போதும். பதிவுகள் என்.பி.ஏ.வின் அதிகாரபூர்வத் தளத்திலும் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எது எந்தக் கணக்கில் சேரும்

ரெகுலர் சீசனில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டங்கள். பிளேஆஃபுக்கு 16 அணிகள் மட்டுமே போகும். நான்கு சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரணியுடன் அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள், முதலில் நான்கை வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆகவே ஒரு வீரருக்கு ஓராண்டில் பிளேஆஃப் ஆட்டங்கள் நான்காகவும் இருக்கலாம், இருபத்தெட்டாகவும் இருக்கலாம்.

நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் லீக்-கம்-நாக் அவுட் முறையில் நடப்பவை. கடலூரிலோ நெய்வேலியிலோ காலிறுதியில் தோற்ற அணி அன்று மாலையே பஸ் ஏறிவிடும். அங்கே அப்படி இல்லை. ஒரே அணி, ஒரே பயிற்சியாளர், இரண்டு வாரம் உங்களை மட்டுமே படித்துக்கொண்டிருப்பார்கள். இடது பக்கம் திரும்பத் தயங்குகிறவர் என்று தெரிந்துவிட்டால் மூன்றாவது ஆட்டத்திலிருந்து வலது பக்கம் அடைபட்டுவிடும். ரெகுலர் சீசனுக்கும் பிளேஆஃபுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்பது என் எண்ணம். பதற்றம், மன உறுதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காக நடக்கும் பிளே-இன் ஆட்டங்களின் எண்கள் ரெகுலர் சீசனிலும் சேராது, பிளேஆஃபிலும் சேராது. சீசனுக்கு நடுவே நடக்கும் என்.பி.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டமும் சீசன் கணக்கில் வராது. யாராவது சொல்லும் மொத்தமும் நீங்கள் கூட்டிய மொத்தமும் இடித்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

வாழ்நாள் சராசரியை நேரடியாகக் கழிக்காதீர்கள்

மிக அதிகமான பிழை நடக்கும் இடம் இது. அதனால் சற்று நின்று பார்ப்போம்.

வில்ட் சேம்பர்லைன். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். வாழ்நாள் ரெகுலர் சீசன் சராசரி 30.1, பிளேஆஃப் சராசரி 22.5. ஏழரைப் புள்ளிச் சரிவு. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவரை அறுபது ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். முதல் ஏழு பருவங்களில் ஒவ்வோர் ஆண்டும் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். 1961-62இல் சராசரி 50.4. அடுத்த ஆண்டு 44.8, ஆனால் அணி பிளேஆஃபுக்கே போகவில்லை. அந்த 44.8 வாழ்நாள் ரெகுலர் சீசன் சராசரியைத் தூக்கி நிறுத்துகிறது. எதிர்ப்பக்கத்தில் அதற்கு இணையாக ஒரு ஆட்டம்கூட இல்லை. அந்த ஏழு பருவங்களிலும் சேர்த்து அவர் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் 52தான். மீதி 108 ஆட்டங்கள் கடைசி ஏழு பருவங்களில் வந்தவை. அப்போது அவர் பந்தைப் பகிர்ந்தும் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தும் தடுத்தும் ஆடும் வேறு வகை வீரராகியிருந்தார். 1972-73இல் ரெகுலர் சீசனிலேயே அவர் சராசரி 13.2தான். ஒரு பக்கம் இளமைக் காலம் நிறைந்த சராசரி, மறுபக்கம் பிற்காலம் நிறைந்த சராசரி. இரண்டையும் கழித்தால் என்ன வரும்?

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வோர் ஆண்டின் ரெகுலர் சீசன் சராசரியை அந்த ஆண்டு அவர் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வந்த விடைகளை எல்லாம் கூட்டி, மொத்தப் பிளேஆஃப் ஆட்டங்களால் வகுங்கள். ‘பிளேஆஃபில் எதுவும் மாறாமல் இருந்திருந்தால் இவர் சராசரி என்னவாக இருந்திருக்கும்’ என்பதற்கு விடை கிடைக்கும். சேம்பர்லைனுக்கு இப்படிப் போட்டால் 30.1 ஏறத்தாழ 27 ஆகிவிடுகிறது. உண்மையில் எடுத்தது 22.5. ஆக, ஏழரைப் புள்ளிச் சரிவில் மூன்று புள்ளிக்கு மேல் வெறும் கலவைக் கோளாறு.

மீதி நான்கு புள்ளி? அது உண்மையான சரிவு, மறைக்க வேண்டியதில்லை. 50.4 எடுத்த அதே ஆண்டில் பிளேஆஃபின் 12 ஆட்டங்களில் அவர் எடுத்தது 35.0. அதில் ஏழு ஆட்டங்கள் தற்காப்புக்குப் பெயர்போன பில் ரஸ்ஸல் நின்ற பாஸ்டனுக்கு எதிராக. யாரைத் தாண்டி வீச வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வரி முழுமையாகும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீடுகளில் பிரெஞ்சு வீரர் டோனி பார்க்கர் பெயரைச் சொன்னால் பேச்சு நீளும். அவர் கணக்கையும் இதே முறையில் தொடங்கலாம். ரெகுலர் சீசன் 15.5, பிளேஆஃப் 226 ஆட்டங்களில் 17.9. உயர்வு 2.4. ஆனால் கடைசிப் பருவம் அவர் சார்லட் அணியில் ஆடினார். 56 ஆட்டங்களில் சராசரி 9.5; அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை. அந்த ஆண்டைத் தள்ளிவிட்டால் ரெகுலர் சீசன் சராசரி 15.8 ஆகிறது. உயர்வு 2.1தான். பெரிய மாற்றம் இல்லை, பார்க்கர் ரசிகர்கள் நிம்மதியாக இருக்கலாம். மீதிப் பதினேழு ஆண்டுகளுக்கும் பெருக்கிப் பார்ப்பதை உங்களுக்கு முதல் பயிற்சியாக விட்டுவிடுகிறேன். ஒரு மாலை போதும்.

நிமிடங்களைச் சமப்படுத்துங்கள்

பிளேஆஃபில் பயிற்சியாளர்கள் ஆட்களைக் குறைத்துக்கொள்வார்கள். சீசனில் பத்துப் பேரை ஆடவிட்டவர் எட்டுப் பேரோடு நிறுத்திவிடுவார். முன்னணி வீரர் கூடுதல் நேரம் கோர்ட்டில் நிற்பார். கூடுதல் நேரம் நின்றால் புள்ளி கூடும். இது திறமை உயர்வு ஆகாது.

2017-18இல் லெப்ரான் ஜேம்ஸ் ரெகுலர் சீசனில் ஆட்டத்துக்கு 36.9 நிமிடம் ஆடி 27.5 புள்ளி எடுத்தார். பிளேஆஃபில் 41.9 நிமிடம், 34.0 புள்ளி. ஆறரைப் புள்ளி உயர்வு என்று எல்லாரும் வியந்தார்கள். இரண்டையும் 36 நிமிடத்துக்கு மாற்றுங்கள்: சராசரியை நிமிடத்தால் வகுத்து 36ஆல் பெருக்க வேண்டும். சீசன் 26.8, பிளேஆஃப் 29.2. உயர்வு 2.4ஆகச் சுருங்கிவிட்டது.

அதே ஆண்டின் ரீபவுண்டையும் பாருங்கள். 8.6இலிருந்து 9.1, கூடியதுபோல் இருக்கிறது. 36 நிமிடக் கணக்கில் 8.4இலிருந்து 7.8ஆகக் குறைந்திருக்கிறது. அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவும் பாஸ்) 9.1, பிறகு 9.0, கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். நிமிடத்தைச் சேர்த்தால் 8.9இலிருந்து 7.7. அந்த ஆண்டு அவர் புள்ளி எடுக்கும் சுமையைக் கூட்டிக்கொண்டு பகிர்வதைக் குறைத்திருக்கிறார் என்ற கதை இப்போதுதான் வெளியே வருகிறது.

ஆனாலும் இந்த வகுத்தலுக்கு ஒரு குறை உண்டு. 42 நிமிடம் ஓடி ஆடுபவரின் கடைசி ஆறு நிமிடமும் 36 நிமிடத்தோடு உட்காருபவரின் கடைசி ஆறு நிமிடமும் ஒன்றல்ல. களைப்பில் திறன் மங்கும். மங்காமல் இருந்தாலே அது சாதனை. அதனால் 36 நிமிட எண்ணை ஆட்டச் சராசரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதை அழித்துவிட்டு எழுத வேண்டாம்.

ஆட்ட வேகமும் ஒரு விஷயம். பிளேஆஃபில் வேகம் பெரும்பாலும் தணியும். பந்து கைமாறும் தடவைகள் குறையும். 100 பொசெஷனுக்கு (பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொசெஷன்) எவ்வளவு என்ற எண்ணும் அதே தளங்களில் இருக்கிறது. நிமிடக் கணக்கு கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

எத்தனை வீச்சில் எடுத்த புள்ளி

கார்ல் மலோன்: சீசன் 25.0, பிளேஆஃப் 24.7. பார்த்தால் மலை அசையவில்லை. வீச்சுச் சதவீதத்தை, அதாவது வீசியதில் எத்தனை கூடையில் விழுந்தது என்பதைத் திறந்தால் 51.6இலிருந்து 46.3. அதே புள்ளிகளுக்கு அவர் கூடுதல் வீச்சுகளைச் செலவழித்திருக்கிறார். மைக்கேல் ஜோர்டனுக்கு 49.7 என்பது 48.7 ஆகிறது, புள்ளிகளோ 30.1இலிருந்து 33.4க்கு மேல் போகின்றன. பிளேஆஃபில் எல்லாருக்கும் சதவீதம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. எதிரே நிற்பவை நல்ல அணிகள் அல்லவா? அதனால் இறங்காமல் அப்படியே நிற்பதை நான் உயர்வாகவே எண்ணுவேன்.

வெறும் வீச்சுச் சதவீதம் மூன்று புள்ளி வீச்சையும் ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு ட்ரூ ஷூட்டிங் என்ற கணக்கைப் பயன்படுத்துங்கள். ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, அதோடு மற்ற வீச்சு முயற்சிகளைக் கூட்டி, வருவதை இரட்டிப்பாக்கி, எடுத்த புள்ளிகளை அதனால் வகுக்க வேண்டும். கற்பனையாக ஒருவர் 18 வீச்சு, 6 ஃப்ரீ த்ரோ முயற்சிகளில் 24 புள்ளி எடுத்தார் என்று வையுங்கள். 6ஐ 0.44ஆல் பெருக்கினால் 2.64. அதோடு 18ஐக் கூட்டினால் 20.64. இரட்டித்தால் 41.28. 24ஐ இதனால் வகுத்தால் 0.581, அதாவது 58.1 சதவீதம். அந்த 0.44 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டு இரண்டாக வருவதில்லை, கூடை விழுந்தபின் கூடுதலாகக் கிடைப்பது ஒன்று, மூன்று புள்ளி வீச்சின்போது எதிரணி ஃபவுல் செய்தால் மூன்று. அவற்றுக்கெல்லாம் பொதுவாக எடுத்துக்கொண்ட எண் அது.

எதிரே யார்

சீசன் சராசரியில் கடைசி இடத்து அணிகளும் இருக்கின்றன. மார்ச் மாதத்தில் தோற்பதற்கென்றே ஆடும் அணிகளுக்கு எதிராக வந்த 40 புள்ளிகளும் அதில் இருக்கின்றன. பிளேஆஃபில் அந்த வாய்ப்பு கிடையாது. எனவே வீரரின் ஆட்டவாரிப் பட்டியலைத் திறந்து, பிளேஆஃபில் அவர் சந்தித்த அணிகளுக்கு எதிரான சீசன் ஆட்டங்களை மட்டும் பொறுக்குங்கள். ஒரே பிரிவு (கிழக்கு அல்லது மேற்கு) அணி என்றால் மூன்றோ நான்கோ ஆட்டம், எதிர்ப் பிரிவு அணி என்றால் இரண்டு கிடைக்கும். குறைவுதான். இருந்தாலும் முழுச் சீசன் சராசரியைவிட நேர்மையான அளவுகோல்.

இன்னொன்று, தொடர்வாரியாகப் பிரிப்பது. லெப்ரானின் அந்த 34.0 எப்படி வந்தது? இந்தியானாவுடன் ஏழு ஆட்டங்களில் 34.4, டொரான்டோவுடன் நான்கில் 34.0, பாஸ்டனுடன் ஏழில் 33.6, கோல்டன் ஸ்டேட்டுடன் நான்கில் 34.0. நான்கு வேறு எதிரிகள், நான்கு வேறு தற்காப்பு முறைகள், கோடு மட்டும் வளையவில்லை. சராசரி 34 என்று சொல்வதைவிட இதுதான் வியக்க வேண்டிய செய்தி. வேறொருவருக்கு 45, 23 என்று வந்தும் அதே சராசரி கிடைத்திருக்கலாம்.

எத்தனை ஆட்டம் இருந்தால் வாயைத் திறக்கலாம்

1985-86இல் ஜோர்டன் கால் எலும்பு முறிவால் சீசனில் 18 ஆட்டங்களே ஆடினார், சராசரி 22.7. பிளேஆஃபில் பாஸ்டனுடன் மூன்று ஆட்டங்கள்; சராசரி 43.7. இருபத்தொரு புள்ளி உயர்வு! மூன்று ஆட்டங்களையும் தனித்தனியே பாருங்கள்: 49, 63, 19. சிகாகோ மூன்றிலும் தோற்றது. அந்த 63 இன்றும் ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் எடுத்த அதிகபட்சம். அதைக் கொண்டாடுவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. 43.7 என்ற சராசரியை மட்டும் எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

நான் வைத்திருக்கும் கைக்கணக்கு: ஒரு தொடர் மட்டும் என்றால் நடந்ததைச் சொல்லலாம், குணம் சொல்லக் கூடாது. இருபது ஆட்டம் தாண்டினால் அந்த ஆண்டைப் பற்றிப் பேசலாம். ‘இவர் பிளேஆஃப் வீரர்’ என்ற பட்டத்துக்கு ஐம்பது ஆட்டமாவது, அதுவும் பல ஆண்டுகளில் பரவி, இருக்க வேண்டும். இது விதி அல்ல; நீங்கள் நாற்பது என்று வைத்துக்கொண்டாலும் சண்டைக்கு வர மாட்டேன். ஐ.பி.எல். பிளேஆஃபில் ஒருவர் ஓராண்டில் ஆடுவதே அதிகபட்சம் மூன்று ஆட்டம். அதை வைத்துப் பட்டம் கொடுத்துப் பழகிய நமக்கு இந்தப் பொறுமை வரச் சற்று நாளாகும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புக்கும் இடம் விடுங்கள். ஸ்டெஃபன் கரி 2015-16இல் 30.1 எடுத்து, அத்தனை வாக்குகளும் பெற்று மிகச் சிறந்த வீரரானார். அந்தப் பிளேஆஃபில் 25.1. முதல் சுற்றிலேயே கணுக்காலிலும் முழங்காலிலும் காயம். அணி ஆடிய 24 ஆட்டங்களில் ஆறில் அவர் இல்லை. ‘முழங்கால்’ என்ற ஒரு சொல் அந்த வரிசையில் இல்லையென்றால் பத்து ஆண்டு கழித்துப் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

பழைய வீரர்களை எடுத்தால் சில கட்டங்கள் காலியாகவே இருக்கும். ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (வீச்சைத் தடுப்பது) இரண்டும் 1973-74 முதல்தான் பதிவாகின்றன. டர்ன் ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) 1977-78 முதல். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. ரஸ்ஸலுக்கு பிளாக் சராசரி தேடி அலைய வேண்டாம். முதல் சுற்று 2003 முதல் ஏழு ஆட்டத் தொடர். 1984 முதல் 2002 வரை ஐந்து. பிளேஆஃபின் மொத்தப் புள்ளிகளை வைத்து இரண்டு தலைமுறைகளை மோதவிடுவது இதனாலேயே சரிவராது.

ஒரு முழுக் கணக்கு

ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்துக்கொள்வோம். வாழ்நாள் கணக்கில் 21.8இலிருந்து 25.9. நாலு புள்ளிக்கு மேல் உயர்வு, பெரிய எண். ஆனால் கடைசி ஆண்டுகளின் குறைந்த சராசரிகள் சீசன் பக்கத்தை இழுத்துவிட்டிருக்கின்றன என்று இப்போது உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். அவருடைய ஹூஸ்டன் அணி பட்டம் வென்ற இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்ப்போம். 1993-94: சீசன் 27.3; பிளேஆஃப் 23 ஆட்டங்களில் 28.9. 1994-95: சீசன் 27.8, பிளேஆஃப் 22 ஆட்டங்களில் 33.0.

27.3ஐ 23ஆல் பெருக்கினால் 627.9. 27.8ஐ 22ஆல் பெருக்கினால் 611.6. கூட்டி 45ஆல் வகுத்தால் 27.5. இது எதிர்பார்ப்பு. பிளேஆஃப் எண்களையும் அப்படியே பெருக்கி வகுத்தால் 30.9. உயர்வு 3.4 புள்ளி, 45 ஆட்டங்களில். நோட்டில் இப்படி எழுதுங்கள்: ‘வென்ற இரண்டு ஆண்டுகளில், அதே ஆண்டுகளின் சீசனைவிட ஆட்டத்துக்கு 3.4 புள்ளி அதிகம். நிமிடம் இன்னும் சமப்படுத்தவில்லை.’ அந்தக் கடைசி மூன்று சொற்களும் அவசியம். எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை என்பது வரியிலேயே இருக்க வேண்டும்.

ஒலாஜுவான் போன்றவரின் பாதி ஆட்டம் தற்காப்பு. அதை அவருடைய வரிசையில் தேடினால் பிளாக், ஸ்டீல் எண்கள் மட்டுமே கிடைக்கும். எதிரில் நின்றவரின் வரிசையைத் திறங்கள். 1993-94இல் நியூயார்க்கின் பாட்ரிக் யூவிங் சீசனில் 24.5 புள்ளி எடுத்தவர். வீச்சுச் சதவீதம் 49.6. ஒலாஜுவானுக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களில் 18.9 புள்ளி, 36.3 சதவீதம். அவரைத் தடுத்தது ஒலாஜுவான் மட்டும் அல்ல. இரண்டாவது ஆள் எப்போது உதவிக்கு வந்தார் என்பதை அந்தத் தொடரின் வீடியோவில் ஒரு குவார்ட்டரையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.